விமானபுரம் சென்று வந்தோம்

பெங்களூருக்கு வரும் நம்மவர்கள் லால்பாகைக் காண்கிறார்கள். கப்பன் பூங்காவில் உலாவுகிறார்கள். விதான சௌதத்தின் முன் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். ஊரிலேயே நிலைத்துவிட்ட நம் குடும்பங்களோ, விருந்தினர் வரும்போதுதான் இவற்றையும் பார்க்கின்றன. நகரின் கிழக்கே விமானபுரம் என்றொரு பகுதி உண்டு. நம் நாட்டு விமானத் தொழிலின் வரலாற்றைக் கூறும் காட்சிச்சாலை ஒன்று 2001-ஆம் ஆண்டு முதல் அங்கே இருந்து வருகிறது. பதினெட்டு ஆண்டுகளாக இந்நகரில் வாழும் நான், சென்ற மாதந்தான் முதன்முறையாக அதனுள் அடியெடுத்து வைத்தேன். என்னை அங்கே இழுத்துச் சென்றது எங்கள் வீட்டில் எழுந்த ஒரு வழக்கு. அவ்வழக்கை முதலில் சொல்லிவிடுவதே முறை.

என் மைத்துனர், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். விமானம் ஒன்றின் சிற்றுருவை நாமே பொருத்திச் செய்வதற்குரிய உறுப்புகள் அதில் இருந்தன. விமானத்தின் பெயர் எச்.எஃப்.-24 மாருத். இந்தியாவில் உருவாக்கப்பெற்ற முதல் ஜெட் போர்விமானம் அதுவே. மாருதம் என்றால் காற்று. தென்றலை மந்த மாருதம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அப்பெயர் அயலானதன்று. உண்மை விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 9 மீட்டர். பெட்டியில் இருந்ததோ அதன் 72-இல் ஒரு பங்கு. ஆகவே செய்து முடித்தால் 22 சென்டிமீட்டர் நீளமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் உடையதாய், இரண்டு கைகளில் ஏந்தத்தக்கதாய் அமையும்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்" என்று மகனிடம் சொன்னேன். அச்சொல்லை இன்றும் அவன் எனக்கு நினைவூட்டுகிறான். ஐந்து மாதம் ஆயிற்று!

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு முளையும் துளையும் இட்டிருப்பார்கள். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. சிறு அளவில், ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்து எடுத்தவை இவ்வுறுப்புகள். முளையும் இல்லை, துளையும் இல்லை. வார்ப்பின்போது ஒட்டிக்கொண்டு வந்த கட்டிகளை மெல்லிய வாளால் அறுத்து அரத்தால் தேய்க்க வேண்டும். அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. ஆதலால் முகக்கவசம் அணிந்து, உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். ஓர் இறக்கை வளைந்திருந்தது. அதை வெந்நீரில் சற்று அமிழ்த்தி, மென்மையானதும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து நேராக்கிக் குளிரவிட்டோம். பிளாஸ்டிக்குக்குரிய பசை ரெசினை ஒட்டாது. நொடியில் இறுகும் பசையே வேண்டும். அப்பசையோ நாம் தவறாக வைத்ததையும் அதே நொடியில் இறுக்கிவிடும். முதல் வாரத்தில் விமானத்தின் உறுப்புகளைவிட என் விரல்களே மிகுதியாக ஒட்டின.

உடற்பகுதி இடம் வலம் என இரு பாதிகளாக இருந்தது. சேர்ப்பதற்கு முன் மூக்கின் உட்புறத்தில் ஈயக்குண்டுகளை வைத்து ஒட்டினோம். முன்னால் எடை இல்லையேல் இத்தகைய உரு மூன்று சக்கரத்தில் நில்லாமல் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். பின்னர் இரு பாதிகளையும் சேர்த்தோம். அப்போதுதான் என் கண்ணில் ஒரு குறை பட்டது. இறக்கை சேரும் இடத்தில் உடல் இரு புறமும் சற்றே ஒடுங்கியிருந்தது. வார்ப்பு ஆறும்போது ரெசின் சுருங்கிப் பள்ளம் விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மகன் தயங்கினான். "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒடுங்கியிருக்கிறதே, அப்பா" என்றான். நான் கேட்கவில்லை. சுவருக்குப் பட்டி பார்ப்பது போலவே மக்கு வைத்து, இருபுறமும் நிரப்பித் தேய்த்து, கோடு கிழித்தாற்போல் நேராக்கிவிட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது.

எங்கள் அல்சூர்த் தெருவில், நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பத்தைந்தை நெருங்குகிறது. ஆம்பூருக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து 1958-இல், பதினெட்டு வயதில், ரயிலேறி வந்து விமானத் தொழிற்சாலையின் தச்சுப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். இப்போது கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. மாலை வேளைகளில் எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்து காப்பி அருந்திவிட்டுப் போவார். ஒரு நாள் என் மகன் அந்த உடற்பகுதியை அவர் கையில் கொடுத்து, "தாத்தா, இது உங்கள் தொழிற்சாலை விமானம்" என்றான்.

பெரியவர் அதை மடியில் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை இரு கைவிரல்களாலும் மெல்லத் தடவினார். பாதி தூரத்தில் விரல்கள் நின்றன. முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை போய் வந்தன.

"இங்கே இடை இருக்க வேண்டுமே! யார் நிரப்பியது?" என்றார்.

நான்தான் நிரப்பினேன் என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. சொன்னேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "ஐயா, அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே, வேறு விமானத்தை நினைத்துக்கொண்டு சொல்கிறீர்களோ?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே ஒன்று நிற்கிறதாம், தம்பி. போய்ப் பார்ப்போமே" என்றார். இதுவே வழக்கு. இதைத் தீர்க்கவே ஒரு ஞாயிறு காலை நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

அல்சூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலைக்குப் பழைய மதராஸ் சாலை என்று பெயர். நம்மவர் பலர் இந்நகருக்குள் வந்த வழி அது. அதில் சற்றுத் தூரம் சென்று வலப்புறம் திரும்பினால் சுரஞ்சன் தாஸ் சாலை. கடைகளும் மருந்தகங்களும் நெருங்கிய சாதாரணச் சாலைதான். நாள்தோறும் அதில் ஆயிரக்கணக்கானோர் போய் வருகின்றனர். பெயர்ப்பலகையைப் படித்த என் மகன், "யார் இவர்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவின் ஓரத்தில் அமர்ந்திருந்த பெரியவர், "மாருத்தை முதன்முதல் பறக்கவிட்டவர், கண்ணா" என்றார்.

1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத் விமானத்தை முதன்முறையாக வானில் செலுத்தினார். எட்டரை ஆண்டுகள் கழித்து, 1970 ஜனவரி 10 அன்று, அதே இனத்தைச் சேர்ந்த சோதனை விமானமொன்றை இங்கிருந்து செலுத்தியபோது விபத்தில் உயிர் நீத்தார். அவ்விமானம், எந்திரத்தின் உந்துவிசையைப் பெருக்குவதற்கென மாற்றியமைத்த வகை. அந்நாளைக் குறித்துப் பெரியவர் அதிகம் பேசவில்லை. "பட்டறையில் அன்று யாரும் உளியைத் தொடவில்லை" என்று மட்டும் சொன்னார்.

சாலை முடிவில் பழைய விமான நிலையச் சாலை வருகிறது. 2008 மே மாதம் வரை பெங்களூருக்கு வந்த பயணிகள் விமானங்கள் யாவும் இங்கேதான் இறங்கின. இதன் ஓரத்திலேதான் தொழிற்சாலை பரந்து கிடக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய நிறுவனம், இன்று இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என விளங்குகிறது. காட்சிச்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தது. உள்ளே கூடங்களில் பழைய படங்களும், வெட்டிப் பிளந்து உள்ளமைப்பைக் காட்டும் எந்திரங்களும் உள்ளன. வெளியே மரநிழலும் புல்வெளியுமான தோட்டத்தில் விமானங்கள் நிற்கின்றன. 1951-இல் முதலில் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானமும் இங்கே உண்டு. அதனை உருவாக்கிய வி. எம். காட்கேயின் பெயரை விமானத் துறையினர் இன்றும் மதிப்போடு கூறுவர்.

மாருத் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து நான் கற்பனை செய்திருந்ததைவிட அது நீளமானது, தாழ்வானது, கூரியது. என் மகன் ஓடிச் சென்று பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே, தாத்தா" என்றான். என் மனத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி தோன்றியதை மறைப்பானேன்?

பெரியவர் கைத்தடியை என்னிடம் கொடுத்தார். மகனின் தோளைப் பற்றிக்கொண்டு வால்புறம் நடந்தார். "பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது. பலகை நேராக இருக்கிறதா என்று தச்சன் எப்படிப் பார்ப்பான்? ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்ப்பான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நோக்கிப் பார்" என்றார்.

சிறுவன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, உடலின் ஓரமாகப் பார்வையைச் செலுத்தினான். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "உள்ளே போய் வெளியே வருகிறது!" என்று கூவினான். நானும் குனிந்து பார்த்தேன். உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத மெல்லிய ஒடுக்கம். ஆயினும் ஐயத்திற்கு இடமில்லை. நான் மக்கு வைத்து நிரப்பியது குறையை அன்று. அவ்விமானத்தின் அறிவையே நிரப்பிவிட்டேன்.

அந்த ஒடுக்கம் எதற்காக என்பதை அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமானம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று அதற்கு வழிவிட மறுக்கிறது. தடை திடீரென மிகுகிறது. விமானத்தை வெள்ளரிக்காய் போல மூக்கிலிருந்து வால்வரை வட்ட வட்டமாக நறுக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் பரப்பும் சிறிது சிறிதாகக் கூடிச் சிறிது சிறிதாகக் குறையுமானால் தடை குறைவு. இறக்கை தொடங்கும் இடத்திலோ உடலின் பரப்போடு இறக்கையின் பரப்பும் சேர்ந்து, துண்டு திடீரெனப் பெரிதாகிவிடுகிறது. ஆகவே அவ்விடத்தில் உடலை ஒடுக்கி ஈடு செய்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்டு விட்கோம் என்னும் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் இவ்விதியைச் சோதனையால் நிலைநாட்டினார். சில ஆண்டுகளுக்குள் பெங்களூரில் வரைந்த விமானத்திலும் அது இடம் பெற்றுவிட்டது.

வரைந்த குழுவின் தலைவர் குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற ஃபோக்கே-உல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர். 1956-இல் தம் நாட்டுப் பொறியாளர் சிலரோடு இங்கு வந்து நம்மவரோடு பணி செய்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்பது விமானப் படையின் விருப்பம். அந்நாளில் இங்கே அத்தகைய விமானத்தை எவரும் செய்ததில்லை. அதனால் உலோகத்தைத் தொடுமுன், அதே அளவில், அதே வடிவில், எந்திரமே இல்லாத மிதவை விமானம் ஒன்றை மரத்தால் செய்தார்கள். டக்கோட்டா விமானத்தின் பின்னே கயிற்றால் கட்டி அதை மேலே இழுத்துச் சென்று அவிழ்த்துவிட்டார்கள். 1959 ஏப்ரல் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டில் 78 முறை அது பறந்தது. காற்றில் அவ்வடிவம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அதனிடம் கற்றுக்கொண்ட பிறகே உலோக விமானம் எழுந்தது.

அம்மர விமானத்தின் மேற்பலகையை இழைத்த கைகளுள் எங்கள் பெரியவருடையவையும் இரண்டு. "உங்கள் பெட்டி 72-இல் ஒரு பங்கு, எங்கள் பெட்டி ஒன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான் வேறுபாடு" என்று நகைத்தார். "இடை வளைவுக்கு அளவுப் பலகை வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கசிந்தால் மறுபடி இழைக்க வேண்டும். விரலுக்கு மறக்குமா?"

நாங்கள் ஒரு மரத்தடியில் அமர்ந்தோம். மகன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "இது ஒலியைத் தாண்டிப் பறந்ததா?"

அதற்குரிய விடை வருத்தம் தருவது. மாருத், ஆர்ஃபியஸ் 12 என்னும் ஆற்றல் மிக்க பிரிட்டிஷ் எந்திரத்தை நம்பி வரையப்பட்டது. அவ்வெந்திரத்தை உருவாக்கி முடிக்கப் பணம் கிடைக்கவில்லை, அது கைவிடப்பட்டது. எஞ்சியது ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசையுடைய ஆர்ஃபியஸ் 703. அதில் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். வேறு எந்திரங்களையும் நாடினார்கள். 1967-இல் எகிப்து நாட்டில் உருவாகிவந்த எந்திரம் ஒன்றையும் ஒரு மாருத்தில் பொருத்திச் சோதித்தார்கள், அதுவும் நிறைவேறவில்லை. சுரஞ்சன் தாஸ் உயிர் துறந்ததும் இத்தேட்டத்திலேதான். ஆக, இருமடங்கு ஒலிவேகத்திற்கெனப் பிறந்த உடல், ஒலியின் வேகத்தை நெருங்கியதோடு நின்றது. ஆயினும் பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 செய்யப்பட்டன. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் அவை பணியாற்றின.

நான் இவற்றைச் சொல்லி முடித்ததும், "அப்படியானால் இது தோற்றுப்போன விமானமா, தாத்தா?" என்றான் மகன். நான் அவனை அடக்க முற்பட்டேன். பெரியவர் கையமர்த்தினார்.

"எந்திரம் எங்கள் கையில் இல்லை, கண்ணா. இடை எங்கள் கையில் இருந்தது. அதில் வெளிச்சம் கசியாமல் பார்த்துக்கொண்டோம்" என்றார்.

சிறிது பொறுத்து, விமானத்தைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டார். அங்கு நின்ற காவலரிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பெரியவர் இறக்கையின் அடியில் நின்று, உடலின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் அது சுட்டிருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் மக்கைச் சுரண்டத் தொடங்கினோம். நிரப்புவதற்கு ஒரு மாலை போதியிருந்தது. நீக்குவதற்கு மூன்று மாலைகள் வேண்டியிருந்தன. இறுகிய மக்கு ரெசினைவிடக் கடினமானது. சற்று அழுத்தினால் அடியிலுள்ள வடிவமும் போய்விடும். தடித்த காகிதத்தில் வளைவை வெட்டி அளவுப் பலகையாக்கி, விளக்கின்முன் பிடித்து வெளிச்சம் கசிகிறதா என்று மகன் பார்ப்பான், நான் தேய்ப்பேன். முன்பு நான் மேஸ்திரி, அவன் சிற்றாள். இப்போது முறை மாறிவிட்டது. எனக்கு அதில் மனக்குறை இல்லை.

இன்னுமொரு பிழையும் நேர்ந்தது. விமானி அறையின் கண்ணாடி மூடியை, மற்றவற்றை ஒட்டிய அதே பசையால் ஒட்டிவிட்டோம். அப்பசையின் ஆவி படிந்து மறுநாள் மூடி பனி மூடியதுபோல் வெளுத்துவிட்டது. கழற்றி எடுத்து, பற்பசையைப் பஞ்சில் தொட்டுப் பல முறை மெருகிட்ட பின்னரே தெளிவு வந்தது. மரப்பொருள்களுக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் மறுபடி ஒட்டினோம். இம்முயற்சியில் இறங்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே அறிந்துகொள்வது நலம்.

இறுதியில் வெள்ளி வண்ணம் பூசினோம். காவியும் வெண்மையும் பச்சையுமான விமானப் படை வட்டங்களை நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நகர்த்தி இறக்கைமேல் ஒட்டினோம். உரு மூன்று சக்கரத்தில் நின்றது. வாலில் உட்காரவில்லை. ஒரு சக்கரம் சற்றே கோணல், மைத்துனர் பார்த்தால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மாலையில் பெரியவர் வந்தார். மகன் விமானத்தை அவர் மடியில் வைத்தான். விரல்கள் மூக்கில் தொடங்கி மெல்ல நகர்ந்தன, பாதி தூரத்தில் உள்ளே இறங்கின, மறுபடி ஏறின, வாலை அடைந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டார். "கோணலான சக்கரத்தையும் கண்டுபிடித்திருப்பார், அப்பா, சொல்லவில்லை" என்று மகன் பிறகு என்னிடம் கூறினான்.

பெங்களூரில் வாழும் அன்பர்களும், உறவினரைக் காண இங்கு வரும் அன்பர்களும் ஒரு ஞாயிறு காலையை விமானபுரத்துக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தெருவில் அத்தொழிற்சாலையில் உழைத்த முதியவர் எவரேனும் இருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாருத்தின் முன் நிற்கும்போது பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வால்புறம் சென்று, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பாருங்கள்.